ஸ்க்ராட்ச்சுக்குள் ஒரு பழைய கம்ப்யூட்டர்

ஸ்க்ராட்ச் என்பது பிளாக்குகளை அடுக்கி ப்ரோகிராம் எழுதும், குழந்தைகளுக்கான மொழி. அதில் பிட் கணக்குப் போட, அதாவது எண்ணை பைனரியின் 0, 1 இலக்கங்களாகப் பிரித்து வேலை செய்ய, பிளாக் கிடையாது. பச்சை நிற ஆபரேட்டர் பகுதியை மேலிருந்து கீழ்வரை அலசினாலும் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், பெரிது, சிறிது, ரேண்டம் எண், மீதி, ஸ்கொயர் ரூட், சைன், காஸ் வரை எல்லாம் இருக்கும். 'ஆண்ட்', 'ஆர்' என்றுகூட இரண்டு உண்டு. ஆனால் அவை உண்மை, பொய் என்ற இரண்டோடு நின்றுவிடுகிறவை. 13-ஐயும் 11-ஐயும் பிட் பிட்டாக ஒப்பிட்டு, இரண்டிலும் 1 இருக்கும் இடங்களை மட்டும் எடுத்து 9 என்று சொல்ல அவற்றுக்குத் தெரியாது. எமுலேட்டர், அதாவது ஒரு மெஷினைப்போல் நடிக்கும் ப்ரோகிராம், எழுத உட்காருகிறவனுக்கு இது சின்னக் குறை இல்லை. பழைய கேம் மெஷின்களின் ஒவ்வொரு கட்டளையும் பிட்டுகளை வெட்டித்தான் படிக்கப்படுகிறது. அந்த வெட்டும் கருவியே இல்லாத இடத்தில் ஏன் போய் உட்கார்ந்தேன் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

அக்கா மகள் ஏழாம் வகுப்பு. பள்ளியில் ஸ்க்ராட்ச் சொல்லித் தருகிறார்கள். விடுமுறைக்கு வந்திருந்தவள் பூனை ஒன்றை வைத்து ஆப்பிள் பிடிக்கும் விளையாட்டு ஒன்றைச் செய்து காட்டிக்கொண்டிருந்தாள். "மாமா, நீங்க சின்ன வயசுல ஆடின டிவி கேம் இருக்கே, அதெல்லாம் இதுல ஓடுமா?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் வீட்டுக்கு வந்திருந்த நண்பர் முந்திக்கொண்டார். "இதெல்லாம் சும்மா பொம்மைம்மா. நிஜ ப்ரோகிராமிங்குக்கு வேற லாங்குவேஜ் இருக்கு, காலேஜ் போனதும் படிப்ப." அவரும் சாஃப்ட்வேர் ஆள்தான், நல்ல மனிதர், குழந்தையை மட்டம் தட்டும் எண்ணமெல்லாம் அவருக்கு இல்லை. அவள் "ஓ" என்று சொல்லிவிட்டுப் பூனையின் வேகத்தைக் கூட்டப் போய்விட்டாள். எனக்குத்தான் அந்த 'பொம்மை' தொண்டையில் முள்ளாக நின்றது. மறுத்துப் பேசலாம் என்றால் கையில் வாதம் இல்லை. ஒத்துக்கொள்ளலாம் என்றால் மனசு வரவில்லை.

இப்படிப்பட்ட வழக்கில் பேசிப் பயனில்லை, ஓட்டிக் காட்ட வேண்டும். சரி, எதை ஓட்டுவது? டிவி கேம் என்று அவள் சொன்னது நம் ஊரில் 90-களில் டிவியில் செருகி ஆடிய அந்த கேசட் மெஷின். நின்டெண்டோவின் ஃபேமிகாமை நகலெடுத்து யார் யாரோ தயாரித்தவை. அதை நேரடியாகத் தொடுவது பேராசை. முதல் எமுலேட்டருக்கு உலகம் முழுக்க எல்லோரும் பிடிப்பது சிப்-8. நானும் அங்கேயே தொடங்கினேன்.

தெரியாதவர்களுக்கு அவசரமாக: 4096 பைட் நினைவகம், கணக்குப் போடும் எண்களை வைத்துக்கொள்ள ரெஜிஸ்டர் என்ற 16 குட்டிப் பெட்டிகள், அகலத்தில் 64 உயரத்தில் 32 புள்ளிகள் கொண்ட கறுப்பு வெள்ளைத் திரை, 16 பொத்தான்கள், ஒரே ஒரு 'பீப்'. கட்டளைகள் மொத்தம் 35 என்று கணக்குச் சொல்வார்கள். ஒவ்வொன்றும் இரண்டு பைட். ரோம், அதாவது விளையாட்டின் கட்டளைகளும் படங்களும் அடங்கிய கோப்பு, 512-ஆவது இடத்திலிருந்து தொடங்கும். அவ்வளவுதான் மெஷின்.

பூஜ்ஜியம் இல்லாத ஊர்

ஸ்க்ராட்ச்சில் நினைவகம் என்றால் லிஸ்ட். 4096 பூஜ்ஜியங்களை லிஸ்டில் போட்டால் நினைவகம் தயார். ஆனால் ஸ்க்ராட்ச் லிஸ்டின் எண்ணிக்கை ஒன்றிலிருந்து தொடங்குகிறது. சிப்-8 பூஜ்ஜியத்திலிருந்து எண்ணுகிறது. அதனால் நினைவகத்தைத் தொடும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு 'கூட்டு 1' ஒட்டிக்கொண்டே வரும். எங்காவது ஒரு இடத்தில் அது விட்டுப்போனால் கத்திச் சொல்ல ஆள் கிடையாது. ஸ்க்ராட்ச் எதற்கும் கத்தாது. லிஸ்டில் இல்லாத இடத்தைக் கேட்டால் வெற்று எழுத்தைத் தரும். வெற்று எழுத்தோடு 5-ஐக் கூட்டினால் 5. பூனைக்கும் ஆப்பிளுக்கும் இது பெரிய உபகாரம், குழந்தை சிவப்பு எழுத்தைப் பார்த்துப் பயந்து ஓடாது. எமுலேட்டருக்கு இது விஷம். தப்பு நடந்த இடத்தில் நிற்காமல் ஆயிரம் கட்டளை தாண்டிப் போய், திரையில் யாரோ உப்பைக் கொட்டியதுபோல் புள்ளிகளைச் சிதறவிட்டபிறகுதான் தெரியவரும். ஒவ்வொரு கட்டளையையும் அதன் முகவரியோடு ஒரு லிஸ்டில் எழுதிவைக்கும் வேலையைத்தான் முதலில் செய்ய வேண்டியிருந்தது. அதை மட்டும் யாராவது தொடங்கப் போகிறவர்களுக்குச் சிபாரிசு செய்வேன்.

ரோமை உள்ளே கொண்டுவருவது இன்னொரு வேடிக்கை. ஸ்க்ராட்ச்சால் பைனரி கோப்பைத் திறக்க முடியாது. ஆனால் திரையில் தெரியும் லிஸ்டின் மேல் ரைட் கிளிக் செய்தால் இம்போர்ட் வரும். வரிக்கு ஒரு எண் என்று டெக்ஸ்ட் கோப்பு கொடுத்தால் வாங்கிக்கொள்ளும். ரோமை அப்படி எண்களாகப் பிரித்து எழுதினால் விளையாட்டு முழுவதும் கண்ணெதிரே நீளப் பட்டியலாக ஓடும். 100, 200 வரிகளில் ஒரு முழு விளையாட்டு. இதைப் பார்த்ததும் அக்கா மகள் கேட்ட கேள்வி, "இதுல எது மாமா படம், எது ரூல்?" பட்டியலைப் பார்த்து அதைச் சொல்ல வழியில்லை. 35-ஆவது வரி கட்டளையா, விண்கலத்தின் மூக்கா என்பது ஓடும்போதுதான் தெரியும். கட்டளையும் தரவும் ஒரே நினைவகத்தில் இருக்கும் இந்த ஏற்பாடுதான் கல்லூரியில் வான் நாய்மன் அமைப்பு என்று எனக்குப் பத்து மதிப்பெண் வாங்கித் தந்த விஷயம். பட்டியலாகப் பார்த்த ஞாபகம் மட்டும் இல்லை.

வேகம் பற்றிப் பலரும் கேட்பார்கள். ஸ்க்ராட்ச்சில் திரையில் ஏதாவது மாறும்போது சாதாரணச் சுழல் ஒன்று விநாடிக்கு 30 தடவைதான் சுற்றும். சுழலுக்கு ஒரு கட்டளை வைத்தால் விநாடிக்கு 30 கட்டளை, ஆமை தேவலாம். இதற்கு வழி உண்டு. நாமே பிளாக் உருவாக்கும்போது கீழே 'திரையைப் புதுப்பிக்காமல் ஓட்டு' என்ற பொருளில் ஒரு டிக் பெட்டி இருக்கும். அதைத் தட்டிவிட்டால் உள்ளே இருக்கும் வேலை மூச்சுவிடாமல் ஒரே போக்கில் நடந்துமுடியும். அதற்குள் 20 கட்டளைகளை ஓட்டினால் விநாடிக்கு 600. சிப்-8-க்கு அது போதும். இதன் டைமர்கள் இரண்டும் விநாடிக்கு 60 முறை குறைய வேண்டியவை. நம்மிடம் இருப்பதோ 30 சுற்று, அதனால் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டிரண்டாகக் குறைத்தேன். அழகில்லை, ஓடுகிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் ஸ்க்ராட்ச் பெரிய மொழிகளை முந்திவிட்டது, சொல்லியே ஆக வேண்டும். எட்டு பிட் ரெஜிஸ்டரில் 255-க்கு மேல் போனால் மீண்டும் பூஜ்ஜியம், பூஜ்ஜியத்துக்குக் கீழே போனால் 255. சி மொழியிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் மைனஸ் 3-ஐ 256-ஆல் வகுத்து மீதி கேட்டால் மைனஸ் 3 என்றே திருப்பித் தரும். ஸ்க்ராட்ச்சின் மீதி பிளாக் 253 என்கிறது. கடிகார முள்ளைப் பின்னால் தள்ளினால் என்ன வருமோ அதுதான் அதன் கணக்கு. கழித்தல் கட்டளைக்குத் தனியாக எதுவும் எழுத வேண்டியிருக்கவில்லை.

இல்லாத ஆண்ட்

பிட் கணக்குக்கு வருகிறேன். முதலில் எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன். இரண்டு எண்களையும் இரண்டால் வகுத்து மீதியைப் பார், இரண்டிலும் ஒன்று வந்தால் விடையோடு அந்த இடத்தின் மதிப்பைக் கூட்டு, பாதியாக்கு, எட்டு முறை திரும்பச் செய். சரியாக வந்தது. மெதுவாகவும் வந்தது. ஆண்ட், ஆர் (ஏதாவது ஒன்றில் 1 இருந்தாலே 1), எக்ஸார் (ஒன்றில் மட்டும் 1 இருந்தால் 1) மூன்றுக்கும் மூன்று தனித்தனி பிளாக், மூன்றிலும் ஒரே சுழல். ஸ்க்ராட்ச்சில் நாம் உருவாக்கும் பிளாக் விடையைத் திருப்பித் தராது என்பதால் 'விடை' என்று ஒரு வேரியபிளில் கொண்டுவந்து போட வேண்டும், அழைத்தவர் அதை உடனே எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த ஏற்பாட்டில் எனக்கு எந்த ஞானமும் கிடைக்கவில்லை, வெறும் கூலி வேலை. குறைகள் எல்லாமே பாடம் சொல்லித்தரும் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தைப் பார்க்க வேண்டும்.

சுழல் வேண்டாம் என்றால் விடைகளை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளலாம். ஒரு பக்கம் 0 முதல் 255, இன்னொரு பக்கம் 0 முதல் 255, மொத்தம் 65,536 கட்டங்கள். ஸ்க்ராட்ச் லிஸ்ட் ஒன்றுக்கு உச்சவரம்பு 2,00,000. மூன்று செயல்களுக்கும் சேர்த்துப் போட்டால் 1,96,608. ஒரே லிஸ்டில் மயிரிழையில் அடங்குகிறது. இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தபோது ஏதோ சதி இருக்கிறது என்றே நினைத்தேன்.

அந்தக் காலத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடியை வைத்துக்கொண்டு பிள்ளைகள் வாய்ப்பாட்டை உருப்போடுவார்கள், முந்தின வரி தெரிந்தால் அடுத்த வரி தானே வரும். இந்த ஆண்ட் வாய்ப்பாடும் அப்படித்தான் வந்தது. 65,536 கட்டங்களை நிரப்பும்போது ஒவ்வொன்றுக்கும் எட்டுச் சுற்றுச் சுழலை ஓட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு எண்களையும் பாதியாக்கினால் கிடைக்கும் கட்டம் ஏற்கெனவே நிரப்பிவிட்ட கட்டம்தானே? அந்த விடையை இரண்டால் பெருக்கி, இரண்டு எண்களின் கடைசி பிட்டுகளைப் பெருக்கிக் கூட்டினால் முடிந்தது. கடைசி பிட்டுகள் ஒன்றும் ஒன்றுமாக இருந்தால் பெருக்கல் ஒன்று, இல்லாவிட்டால் பூஜ்ஜியம். ஒரு பிட் அளவில் ஆண்ட் என்பது சாதாரணப் பெருக்கல். சுழலே இல்லாமல் பட்டியல் தன்னைத் தானே நிரப்பிக்கொண்டு போனது.

அடுத்து ஆர் வாய்ப்பாட்டை நிரப்ப உட்கார்ந்தபோதுதான் அந்த விஷயம் கண்ணில் பட்டது. இந்தக் கட்டுரையை எழுதுவதே அதற்காகத்தான். 13-ம் 11-ம் எடுத்துக்கொள்ளுங்கள். பைனரியில் 1101, 1011. கூட்டினால் 24. ஆண்ட் 9. எக்ஸார் 6. ஆர் 15. 24-லிருந்து 9-ஐக் கழித்தால் 15. இன்னொரு 9-ஐக் கழித்தால் 6. வேறு எண்களைப் போட்டுப் பார்த்தேன், அதேதான். கூட்டுத்தொகையில் ஆண்டை ஒரு முறை கழித்தால் ஆர், இரண்டு முறை கழித்தால் எக்ஸார். எல்லா எண்ணுக்கும்.

ஏன் என்று யோசித்தால் சிரிப்புதான் வருகிறது. இரண்டு எண்களைக் கூட்டும்போது ஒரே இடத்தில் இரண்டிலும் ஒன்று இருந்தால் அங்கே கைவசம் ஒன்று அடுத்த இடத்துக்குப் போகிறது. இரண்டில் ஒன்றில் மட்டும் ஒன்று இருந்தால் அது அங்கேயே தங்குகிறது. தங்குவது எக்ஸார். அடுத்த இடத்துக்குப் போவது ஆண்ட், ஒரு இடம் தள்ளிப் போவதால் இரண்டு மடங்கு. அதனால்தான் கூட்டல் என்பது எக்ஸாரும் ஆண்டின் இருமடங்கும் சேர்ந்தது. இரண்டாம் வகுப்பில் ஸ்லேட்டில் கூட்டல் போடும்போது தலைக்கு மேல் குட்டியாக எழுதிக்கொண்ட அந்த 'மீதி ஒன்று' இருக்கிறதே, அதுதான் ஆண்ட்.

இதில் புதிய கண்டுபிடிப்பு எதுவும் இல்லை. டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸ் முதல் செமஸ்டரில் 'ஹாஃப் ஆடர்' என்று படம் போட்டுக் காட்டியது இதையே. ஒரு எக்ஸார் கேட், ஒரு ஆண்ட் கேட். நான் அதை வரைந்து மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். அப்புறம் எத்தனையோ வருடம் சி மொழியில் ஆண்ட் குறியைத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறேன். அந்தக் குறிக்கும் ஸ்லேட்டுக் கணக்குக்கும் உறவு உண்டு என்று ஒரு நாளும் தோன்றியதில்லை, ஏனென்றால் தோன்ற வேண்டிய அவசியமே வரவில்லை. குறி தயாராக இருந்தது, தட்டினேன். குறி இல்லாத இடத்தில் உட்கார்ந்தபோது, இருக்கிற கூட்டல் கழித்தலை வைத்து அதைச் செய்துகொள்ள வேண்டியதாயிற்று. மூன்று வாய்ப்பாடு ஒன்றாகச் சுருங்கியது. 1,96,608-ல் 1,31,072 கட்டங்களை அழித்தேன்.

பொம்மை என்ற பேச்சுக்கு எனக்கு வாதம் கிடைத்தது இங்கேதான். எளிய மொழி மெஷினை மறைத்துவிடுகிறது, அதனால் அதில் கற்றுக்கொண்டவனுக்கு அடியில் என்ன நடக்கிறது என்று தெரியாது என்பார்கள். பூனை, ஆப்பிள் வரை அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதே மொழியில் ஒரு மெஷினைக் கட்டச் சொன்னால் நிலைமை தலைகீழாகிறது. தயார் நிலையில் எதுவும் கிடைக்காததால் அடியில் இருப்பதை நீங்களே செய்துதான் ஆக வேண்டும். நிஜ மொழி என்று சொல்லப்படுவது எனக்கு ஆண்டை மறைத்தது, பொம்மை மொழி அதைக் காட்டியது.

அதுவும் பொம்மையாகப் பிறந்ததுதான்

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அது தெரிந்தபோது நண்பரை மறுபடி வீட்டுக்குக் கூப்பிடலாமா என்றே நினைத்தேன். சிப்-8-ஐ நாம் கேம் மெஷின் என்கிறோம். அப்படி ஒரு மெஷின் எந்தக் காலத்திலும் விற்கப்படவில்லை. அமெரிக்காவின் ஆர்சிஏ நிறுவனத்தில் பொறியாளராக இருந்த ஜோசப் வைஸ்பெக்கர் 1977-ல் காஸ்மாக் விஐபி என்ற சிறிய கணினியை வடிவமைத்தார். 275 டாலருக்குக் கிட்டாக வாங்கி நாமே சால்டர் வைத்துக்கொள்ள வேண்டும். நினைவகம் 2 கிலோபைட். எழுத்துப் பலகை கிடையாது, 16 பொத்தான் மட்டும். உள்ளே 1802 என்ற ஆர்சிஏ சிப். பின்னாளில் வியாழனைச் சுற்றப்போன கலிலியோ விண்கலத்தில் போனது இந்த வகை சிப்தான் என்பது வேறு கதை. வீட்டில் ஆசைக்கு வாங்குகிறவர்கள் 1802-ன் மெஷின் கோடில் எழுதித் தலையைப் பிய்த்துக்கொள்ளக் கூடாது என்று வைஸ்பெக்கர் அதன் மேல் ஒரு எளிய மொழியைப் போட்டார். உருவம் வரைய ஒரே கட்டளை, பொத்தான் அழுத்தப்பட்டதா என்று பார்க்க ஒரே கட்டளை, ரேண்டம் எண்ணுக்கு ஒரே கட்டளை. அதுதான் சிப்-8. 'பைட்' என்ற கணினிப் பத்திரிகையின் 1978 டிசம்பர் இதழில் இதைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே 'எளிய' என்ற சொல் இருக்கிறது.

அதாவது சிப்-8 அந்தக் காலத்து ஸ்க்ராட்ச். தொடக்கநிலைக்காரர்களுக்கென்று மெஷினை மறைத்து, உருவத்தை நகர்த்துவதைச் சுலபமாக்கிய மொழி. அப்போதும் யாராவது "இதெல்லாம் பொம்மை, நிஜமானவன் மெஷின் கோடில் எழுதுவான்" என்று சொல்லியிருப்பார் என்று நான் பந்தயம் கட்டத் தயார். நாற்பது சொச்சம் வருடம் கழித்து அந்தப் பொம்மையின் 16 ரெஜிஸ்டரையும் நாம் மெஷினாக மதித்து எமுலேட் செய்கிறோம். மொழிக்கும் மெஷினுக்கும் நடுவே நான் நினைத்துக்கொண்டிருந்த சுவர் அவ்வளவு உறுதியானது இல்லை போலிருக்கிறது.

வைஸ்பெக்கரின் மகள் ஜாய்ஸும் இந்தக் கதையில் வருகிறார். 1976-ல், பதின்வயதின் கடைசியில், ஆர்சிஏ அடுத்த ஆண்டு வெளியிட்ட ஸ்டூடியோ II கன்சோலுக்கு விளையாட்டுகள் எழுதிக் காசு வாங்கியவர். விஐபி-க்கும் எழுதினார். வீடியோ கேம் எழுதிச் சம்பாதித்த முதல் பெண் என்று இன்று அவரைச் சொல்கிறார்கள். ஸ்டூடியோ II வியாபாரத்தில் படுத்துவிட்டது, 1978-லேயே நிறுத்திவிட்டார்கள். இதை அக்கா மகளிடம் சொன்னபோது அவளுக்கு வியாபாரத்தில் படுத்தது பற்றித்தான் அக்கறை. "அப்ப காசு குடுத்தாங்களா இல்லையா?" கொடுத்தார்கள் என்றேன்.

விஐபி-யில் சிப்-8-ஐ ஓட்டிய நிரல் மொத்தம் 512 பைட். நினைவகத்தின் முதல் 512 பைட் அதற்கு, அதனால்தான் விளையாட்டு 512-லிருந்து தொடங்குகிறது. என் ஸ்க்ராட்ச் ப்ராஜெக்டில் கட்டளைகளைப் பிரிக்கும் 'என்றால், இல்லையென்றால்' பிளாக்குகள் மட்டுமே திரையில் பல முழம் நீளும். அவர் எப்படி அடக்கினார் என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

எது சரியான சிப்-8 என்ற கேள்விக்கு மட்டும் பதில் கிடையாது. ஒரு ரெஜிஸ்டரை வலப்பக்கம் ஒரு பிட் தள்ளும் கட்டளையில், விஐபி இரண்டாவது ரெஜிஸ்டரைத் தள்ளி முதலாவதில் வைக்கும். 90-களின் தொடக்கத்தில் எச்பி-48 கால்குலேட்டர்களுக்கு இதைக் கொண்டுபோனவர்கள் முதலாவதையே தள்ளிவிட்டார்கள். அந்தப் பழக்கத்தை நம்பி எழுதிய விளையாட்டுகள் வந்துவிட்டன. இப்போது இரண்டுமே சரி. ஒரு வேரியபிளை வைத்து ரோமுக்கு ஏற்ப மாற்றிக்கொள்கிறேன். தொடங்குகிறவர்கள் இந்தச் சண்டைக்குள் முதலிலேயே போக வேண்டாம். ஐபிஎம் லோகோவைத் திரையில் காட்டும் ஒரு குட்டி ரோம் இருக்கிறது. திரையைத் துடை, தாவு, ரெஜிஸ்டரில் எண்ணை வை, எண்ணைக் கூட்டு, முகவரியை வை, உருவத்தை வரை. இந்த ஆறு கட்டளை போதும் அது ஓட. அந்த லோகோ கோடுகோடாக வந்து நிற்கும் நிமிடத்துக்காகவே ஒரு தடவை எழுதிப் பார்க்கலாம்.

கேம் பாய் ஆசை

சிப்-8 ஓடியதும் நின்டெண்டோவின் கையடக்க கேம் மெஷினான கேம் பாய் மேல் கண் போவது இயற்கை. 1989-ல் வந்தது. 160-க்கு 144 புள்ளிகள், நான்கு சாம்பல் நிறங்கள். ஸ்க்ராட்ச்சின் மேடை 480-க்கு 360. அகலத்தைப் பார்த்தால் மூன்று மடங்கு பெரிதாக்கலாம், உயரம் இரண்டரை மடங்குக்கு மேல் இடம் தராது. இரண்டரையில் வைத்தால் புள்ளிகளின் ஓரம் மசங்கும், இரண்டில் வைத்தால் மேடையில் வெற்றிடம். நான் வெற்றிடத்தோடு சமாதானமானேன்.

கட்டளைகளுக்கு 256 எண்கள் (சில காலி), முன்னொட்டு போட்டு வரும் இன்னொரு 256. கேட்டால் பயமாக இருக்கும், ஆனால் பட்டியலை எட்டு எட்டாக மடித்துப் பார்த்தால் ஒழுங்கு தெரியும். 64 முதல் 127 வரை எல்லாம் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் பைட்டை நகர்த்துபவை, 118 மட்டும் விதிவிலக்கு, அது மெஷினைத் தூங்க வைக்கும். 128 முதல் 191 வரை எட்டு வகைக் கணக்கு, ஒவ்வொன்றும் எட்டு இடங்களோடு. கட்டளை எண்ணை எட்டால் வகுத்தால் ஈவு என்ன செய்ய வேண்டும் என்றும், மீதி யாரோடு செய்ய வேண்டும் என்றும் சொல்லிவிடும். பாதிப் பட்டியல் இரண்டு பிளாக்குகளில் முடிந்துவிடுகிறது. பிட் கணக்கு இல்லாத ஊரில் வகுத்தலும் மீதியும் எப்படி அதே வேலையைப் பார்க்கின்றன என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஒழுங்கு இருக்கிறது, வேகம்தான் இல்லை. கேம் பாயின் கடிகாரம் விநாடிக்கு 41 லட்சத்து 94 ஆயிரத்துச் சொச்சம் துடிப்பு. ஒரு பிரேமுக்கு, அதாவது திரையில் ஒரு முழுப் படத்துக்கு, 70,224. ஒவ்வொரு கட்டளைக்கும் என் பக்கத்தில் டஜன் கணக்கில் பிளாக்குகள் ஓடுகின்றன. சாதாரண ஸ்க்ராட்ச்சில் ஓட்டினால் படம் வரையும் வேகத்தைப் பார்த்துக்கொண்டே காப்பி போட்டுக் குடித்துவிட்டு வரலாம். அதே ப்ராஜெக்டை, ஸ்க்ராட்ச் ப்ராஜெக்டுகளை வேகமாக ஓட்டும் டர்போவார்ப்பில் போட்டால், அது பிளாக்குகளை ஜாவாஸ்கிரிப்டாக மாற்றி ஓட்டுவதால், ஆடக்கூடிய அளவை எட்டிப்பார்க்கிறது. ஸ்க்ராட்ச்சில் கேம் பாயையும் அதற்கு மேலும் ஓட்டிக் காட்டியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய ப்ராஜெக்டுகளைத் திறந்து உள்ளே பார்த்தேன், பொறாமையோடு. ஆனால் என் கணிப்பில் அது வித்தை. அங்கே நேரம் முழுக்க வேகத்துக்காகப் போகிறது. எதைச் செய்கிறோம் என்பது புரிகிற அளவில் நிற்பது சிப்-8 மட்டும்தான். கேம் பாயை ஒலி இல்லாமல், பாதியில், அப்படியே வைத்திருக்கிறேன். முடிக்கும் உத்தேசம் இப்போதைக்கு இல்லை.

சிப்-8-ல் இன்னும் தீராத ஒரு வழக்கு உண்டு, அது மினுக்கல். சிப்-8 உருவங்களைத் திரையில் எக்ஸார் செய்துதான் வரைகிறது. அதனால் உருவத்தை நகர்த்த, இருக்கும் இடத்திலேயே இன்னொரு முறை வரைந்து அதை அழித்துவிட்டு, பிறகு புது இடத்தில் வரைய வேண்டும். விஐபி விநாடிக்கு 60 முறை திரையைக் காட்டியது. நான் 30 முறை. அழித்த நிலையில் என் பிரேம் மாட்டிக்கொண்டால் அந்தச் சுற்று முழுக்கப் பந்து இல்லாமல் இருக்கும். அழிந்த புள்ளியை உடனே கறுப்பாக்காமல் ஒன்றிரண்டு பிரேமுக்குச் சாம்பலாக வைத்திருந்தால் கண்ணுக்கு இதமாக இருக்கும். நான் செய்யவில்லை. மினுக்குவதுதான் அதன் சுபாவம், அதைச் சரிசெய்வது எமுலேட்டரின் வேலை இல்லை என்பது என் கட்சி. அக்கா மகள் ப்ராஜெக்டை ரீமிக்ஸ் செய்து 'மங்கல்' என்று ஒரு லிஸ்ட் சேர்த்து, சாம்பல் நிறத்தை நீலமாகவும் மாற்றி வைத்திருக்கிறாள். "கண்ணு வலிக்குது மாமா, நீங்க வேணா மினுக்கிக்கோங்க" என்று செய்தி அனுப்பியிருந்தாள். அவளுடைய பிரதியில் வேகம் கொஞ்சம் குறைகிறது என்று பதில் போட்டேன். அதற்கு ஒரு சுற்றில் ஓட்டும் கட்டளைகளின் எண்ணிக்கையை 20-லிருந்து 25 ஆக்கச் சொல்லிவிட்டாள்.